உப்புக்கிடங்கு லைனில் ஏழு ஓடுகள்

கமிட்டியின் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவன் எங்கள் லைனில் நான் ஒருவன்தான். மனு எழுதி எழுதிப் பழகிவிட்டது. உப்புக்கிடங்கு லைன் பழைய குடியிருப்புகள் நெடுங்காலப் புதுப்பிப்பு மற்றும் மறுநிர்மாண ஆலோசனை நிரந்தரக் கமிட்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் அதை அமைத்தார்கள். இப்போது முப்பத்தொன்று நடக்கிறது. இந்தப் பத்தொன்பது வருடத்தில் கமிட்டியை ஏழு முறை புதுப்பித்திருக்கிறார்கள். வீடுகள் அப்படியே இருக்கின்றன என்று எழுதத்தான் கை போகிறது. அப்படியே இருந்திருந்தால்கூடத் தேவலை.

துறைமுகத்துக்குப் பின்புறம், பழைய உப்புக் கிடங்கை ஒட்டி, ஒரே நீளமான ஓட்டுக் கூரையின் கீழ் இருபத்து நான்கு வீடுகள். தொங்காங் படகுகளில் மூட்டை இறக்குகிறவர்களுக்காக ஏதோ ஒரு கம்பெனி கட்டியது. கம்பெனி போய்விட்டது, வீடுகள் நின்றுவிட்டன. நிலம் யாருடையது என்று கேட்டால் நகரத்துக்காரர்கள் துறைமுகத்தைக் காட்டுவார்கள், துறைமுகத்துக்காரர்கள் நகரத்தைக் காட்டுவார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் யாராவது பதில் சொல்லவேண்டும் என்பதற்காகப் பிறந்ததுதான் கமிட்டி. பதில் சொல்வதைத் தவிர அது வேறு எதுவும் செய்வதில்லை.

என் பெயர் செபாஸ்டியன். பகலில் கோர்ட்டுக்கு எதிரே மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதுவேன். பதின்மூன்றாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். பதினான்காம் எண்ணில் இருப்பவர் ஷேக் அலாவுதீன். தொங்காங்கில் வேலை. கல் மாதிரி உடம்பு, ஆனால் மேசைக்குப் பின்னால் துரை யாராவது உட்கார்ந்திருந்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தக் கதை அவர் வீட்டுக் கூரையில் இருந்த ஓட்டையைப் பற்றியது.

அவருடைய ஒரே மகள் காமாரியாவை நீரிணைக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் கட்டிக்கொடுத்திருந்தார். இந்த வருடம் அவள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் ஆட்களில் எந்த மதத்துக்காரருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஏழாம் மாதம் கூட்டிவந்து, பிள்ளை பெற்று, நாற்பது நாள் கழித்து அனுப்பவேண்டும். கூட்டிவரத் தவறினால் மாமியார் வீட்டில் அந்தப் பெண் ஆயுசுக்கும் பேச்சு கேட்பாள்.

பதினான்காம் எண்ணில் பாய் விரிக்க இருப்பது ஒரே ஓர் உள் அறை. அந்த அறைக்கு நேர் மேலே ஐந்து ஓடு போய், வானம் தெரிந்தது. பினாங்கில் மழை பிடிக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அலாவுதீன் ஒரு பாழடைந்த கிட்டங்கியை இடித்த இடத்திலிருந்து நல்ல ஓடாக ஏழு பொறுக்கிக்கொண்டுவந்து கிணற்றடியில் அடுக்கி வைத்திருந்தார். ஐந்து போதும், இரண்டு கைகாவலுக்கு. ஏணி ஏறினால் அரைமணி நேர வேலை.

ஏறமுடியாது. ஒன்பதாம் விதி இருக்கிறது. திட்டத்தில் சேர்க்கப்பட்ட வீட்டில், புதுப்பிப்பு நடைபெறும் நாள்வரை, குடியிருப்பவர் எதையும் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ கூடாது. மூன்றாம் எண் வீட்டு அர்ஜுனன் கதவு ஆடுகிறது என்று ஒரு பலகையை அடித்துவிட்டார். எட்டாம் நாள் அவர் சாமான் தெருவில் கிடந்தது. அந்த வீடு இன்றைக்கும் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பலகை பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்.

அதனால் அலாவுதீன் என்னிடம் வந்தார். நான் மனு எழுதினேன். தாய்மை, தலைப்பிரசவம், கருணை என்று மூன்று பக்கம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. என்னுடைய தொழில்திறமையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கமிட்டியின் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தின் கூரையை நான் பார்க்க மூன்று தடவை மாற்றியிருக்கிறார்கள். அங்கே குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி ஆர்தர் மனுவை வாங்கி, ஓரத்தில் துளையிட்டு, நூலில் கோத்துவிட்டு எங்களைப் பார்த்தார். கருத்த முடியோடு அந்த நாற்காலிக்கு வந்தவர். இப்போது முழுவதும் நரைத்துவிட்டது. கெட்டவர் என்று அவரைச் சொல்லமுடியாது.

“ஆர்தர் சார், ஓடு என்னோடது. ஏணியும் என்னோடது. கமிட்டிக்கு ஒரு சூசாவும் இல்ல, செலவும் இல்ல லா” என்றார் அலாவுதீன்.

“அது இல்ல பாய். உங்க வீட்டு சர்வேல என்ன எழுதியிருக்கு? கூரையில் ஓட்டை, பதினோரு அங்குலம். துரை கையெழுத்துப் போட்டு சிங்கப்பூருக்குப் போயிருச்சு. இப்ப நீங்க அடைச்சிட்டீங்கன்னா அந்த ரிப்போர்ட் என்னாகும்?”

“என்னாகும்?”

“பொய்யாயிரும். துரை கையெழுத்துப் பொய்யாகலாமா?”

அலாவுதீன் இதை மரியாதையாக யோசித்துப் பார்த்தார். “ஆகக்கூடாதுதான். அப்ப மழை வந்தா?”

“மழை நம்ம கமிட்டிக்குக் கீழ வராது பாய்” என்று ஆர்தர் வருத்தத்தோடு சொன்னார். “மறு சர்வே கேட்டு ஒரு மனு குடுங்க. அதான் வழி.”

இன்னொரு மனு எழுதினேன். அதில் கருணையைக் குறைத்து அங்குலத்தைக் கூட்டினேன்.

சர்வேக்காரர்கள் மூன்று வாரத்தில் வந்துவிட்டார்கள். அந்த விஷயத்தில் கமிட்டியைக் குறை சொல்லமாட்டேன், அளப்பதற்கு அது ஒருநாளும் தாமதித்ததில்லை. இரண்டு பேர், ஒரு நாடா, ஒரு குடை, பின்னால் நோட்டோடு ஆர்தர். ஏணி வைத்து ஏறி அளந்தார்கள். ஓட்டை பதினான்கு அங்குலம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு ஓடு சரிந்து விழுந்திருந்தது. “நல்ல முன்னேற்றம்” என்றார் ஏறியவர், கீழே பார்த்து.

திட்டத்தில் மார்க் உண்டு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டின் பழுதுக்குத் தக்கபடி மார்க் போடுவார்கள். அறுபது எடுத்தால் முதல் கட்டத்தில் சேர்ப்பார்கள். ஓட்டைக்கு, உளுத்த சட்டத்துக்கு, சுவர் வெடிப்புக்கு என்று கூட்டிப் பார்த்ததில் அலாவுதீன் வீட்டுக்கு ஐம்பத்தொன்பது வந்தது. அவர் முகம் மலர்ந்தது. உடனே ஆர்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீடு சுத்தமாக வைக்கப்பட்டிருப்பதற்காக இரண்டு மார்க் கழிக்கவேண்டியிருக்கிறது என்றார்.

“கூட்டாம வச்சிருந்தா அந்த ரெண்டும் கெடைச்சிருக்குமா சார்?” என்று கேட்டார் அலாவுதீன்.

“கெடைச்சிருக்கும். மூலையில கொஞ்சம் குப்பை இருந்தா இன்னும் ஒண்ணு சேத்துப் போட்டிருக்கலாம். அறுபது ஆயிருக்கும்.”

உள்ளே இருந்து அவர் மனைவி ஆசியா பீவி துடைப்பத்தோடு வெளியே வந்தார். லைனிலேயே அதிகம் பேசாதவர் அவர்தான். “எம் புள்ள வந்து படுக்கப்போற தரைங்க இது. குப்பையக் கொட்டி வச்சாத்தான் ஓடு மாத்துவீங்களா? அப்படி ஒரு மார்க் எனக்கு வேணாம். போய் உங்க துரைகிட்ட சொல்லுங்க” என்றார். ஆர்தர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். குடியிருப்பவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதியதாகப் பிறகு தெரிந்தது.

மார்க் விஷயம் பரவியபிறகு லைனின் குணமே மாறிவிட்டது. பத்தொன்பது வருடம் ஒழுகுகிற இடத்தில் சட்டியும் வாளியும் வைத்துத் தாங்கிப் பிடித்து வாழ்ந்த ஜனங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே இடிக்க ஆரம்பித்தார்கள். பதினைந்தாம் எண் புஷ்பவள்ளி தினமும் காலையில் சுவர் வெடிப்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார், செடிக்கு ஊற்றுவதுபோல. கேட்டால், சேர்ப்பதும் நீக்குவதும்தான் குற்றம், ஈரமாக்குவது விதியில் இல்லை என்றார். இன்னொருவர் கறையான் புற்றை மண்வெட்டியால் அள்ளி வந்து உத்திரத்தடியில் குடியேற்றினார். யார் வீடு யார் வீட்டைவிட மோசம் என்று கிணற்றடியில் சண்டை வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு எல்லாவற்றின் மேலும் சலிப்பாக இருந்தது. நானும் என் வீட்டுக் கதவின் கீல் ஒன்றைக் கழற்றி வைத்தேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

கமிட்டி இந்த மார்க்குகளையெல்லாம் கூட்டிப் பார்த்துப் பெரிதும் கவலைப்பட்டது. திட்டத்தில் இல்லாத வேகத்தில் லைன் கெட்டுக்கொண்டிருந்தது. உடனடியாக ஏதாவது செய்யவேண்டும் என்று தீர்மானித்து, மாதிரி வீடு ஒன்று கட்டுவதென்று முடிவு செய்தார்கள்.

பத்தொன்பது வருடம் ஓர் ஆணிகூட அடிக்காதவர்கள் ஏழு வாரத்தில் அந்த வீட்டைக் கட்டி முடித்தார்கள். கிணற்றை ஒட்டி நாங்கள் துணி காயப்போடுகிற இடத்தில் கட்டினார்கள். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, கண்ணாடி ஜன்னல், உள்ளே ஸ்பிரிங் வைத்த இரும்புக் கட்டில், மெத்தை, சுவரில் ஒரு கடிகாரம். கடைசி நாளில் கண்ட்ராக்டருக்குக் கொஞ்சம் ஓடு குறைந்தது. கிணற்றடியில் கேட்பாரற்றுக் கிடந்ததென்று ஏழு ஓடுகளை எடுத்து முன்பக்கக் கூரையில் போட்டுவிட்டார். அலாவுதீன் வேலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது, புதுச் சிவப்புக்கு நடுவே அந்த ஏழும் கறுப்பாகத் தெரிந்தன. அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னோடதுதானே அண்ணே அது?” என்று என்னிடம் கேட்டார்.

“ஒங்களோடதுதான்.”

“தெறப்பு விழா முடியட்டும், கேட்டுப் பாப்போம்” என்றார். அவர் அப்படித்தான். பெரிய மனிதர்கள் வேலையாக இருக்கும்போது குறுக்கே போகமாட்டார்.

திறப்பு விழாவுக்குத் தலைவர் துரை வந்தார். வாழைக்கன்று கட்டி, ராஜா படம் வைத்து, எங்களை வெயிலில் நிற்கவைத்தார்கள். துரை இங்கிலீஷில் பேசப் பேச ஆர்தர் தமிழில் சொன்னார்.

“பத்தொன்பது ஆண்டுகளாக இந்தக் கமிட்டி ஓயாது ஆராய்ந்து வந்திருக்கிறது. வீடுகள் ஏன் பழுதடைகின்றன? சிலர் மழை என்றார்கள். சிலர் கறையான் என்றார்கள். நாங்கள் யார் பேச்சையும் நம்பாமல் எல்லா வீடுகளையும் நேரில் ஒப்பிட்டுப் பார்த்தோம். பழுதடைந்த ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் குடியிருந்தார்கள் என்பதைக் கண்டோம்.”

முன்வரிசை நாற்காலிகளில் கைதட்டல் எழுந்தது. துரை கையைக் காட்டி அமர்த்தினார்.

“ஆகவே இந்த வீட்டில் யாரும் குடியிருக்கமாட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் உங்கள் வீடு எப்படி இருக்கும் என்பதைச் சனிக்கிழமைதோறும் நான்கு மணி முதல் ஐந்து மணி வரை நீங்கள் இலவசமாகவே பார்க்கலாம். செருப்பைக் கழற்றவேண்டும். எதையும் தொடக்கூடாது. நேரம், வீட்டுக்குள் இருக்கும் கடிகாரத்தின்படி கணக்கிடப்படும். அவசரம்தான் நல்ல திட்டங்களைக் கெடுக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எங்களுக்கு வாய்த்த முக்கியமான கட்டுமானப் பொருள் உங்கள் பொறுமை.”

அலாவுதீன் தன் ஏழு ஓடுகளைப் பற்றிக் கேட்கலாமென்று ஓர் அடி முன்னால் வைத்தார். துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலோடு ஆர்தரும் பின்னாலேயே போய்விட்டார்.

காமாரியா ஏழாம் மாதம் வரவில்லை, ஒன்பதாம் மாதம்தான் வந்தாள். ஓட்டை அடைந்துவிடும் என்று வாரம் வாரமாகத் தள்ளிப்போட்டதில் நாள் ஓடிவிட்டது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து இறங்கியவளை ஆசியா பீவி ரிக்ஷாவில் கூட்டிவந்தார். வீட்டுக்குள் நுழைந்தவள் முதலில் அண்ணாந்து பார்த்தாள். “அத்தா, நான் கல்யாணமாகிப் போறப்பக்கூட இத்தாம் பெருசு இல்லியே” என்றாள். அலாவுதீன் வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். அன்றைக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் ஐந்தாகிவிட்ட என்னுடைய மனுக்கள் அந்த ஆபீஸில் நூலில் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நிற்கிற மழையில்லை. மூன்று மணிக்குள் பதினான்காம் எண்ணின் உள் அறையில் கணுக்கால் தண்ணீர். காமாரியாவுக்கு அதே நேரத்தில் வலி கண்டது. மலாய்க்காரப் பிரசவக்காரி, பிடான், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். உள் அறையை எட்டிப் பார்த்தாள். இங்கே முடியாது, வேறு வீட்டைக் காட்டு என்று மலாயில் சொன்னாள். வேறு வீடு ஏது. புஷ்பவள்ளி ஊற்றி வளர்த்த வெடிப்பு அன்று காலையில்தான் பலன் தந்து, சுவர் பாதி உட்கார்ந்திருந்தது. என் வீட்டில் மேசைமேல் ஏறி உட்காரவேண்டிய அளவுக்குத் தண்ணீர். லைன் முழுவதும் அறுபது மார்க்கை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆசியா பீவி வாசலில் நின்று ஒருமுறை லைனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு, “மணி என்ன?” என்று கேட்டார்.

“நாலு ஆகப்போகுது” என்றேன்.

“தொறந்திருப்பான்ல?”

நாங்கள் நான்கு பேர் பாயின் மூலையைப் பிடித்துக் காமாரியாவைத் தூக்கிக்கொண்டு போனோம். மாதிரி வீட்டின் காவல்காரர் அப்போதுதான் கதவைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பார்வையாளர் நோட்டை விரித்திருந்தார். எல்லோரும் வாசலில் வரிசையாகச் செருப்பைக் கழற்றினோம். பிடானும் கழற்றினாள். “தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான்” என்று காவல்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிடான் ஆண்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவர் நோட்டில் பார்வையாளர் பெண்கள் நான்கு என்று எழுதினார். வேறு என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

அலாவுதீன் மழையில் நனைந்துகொண்டு கூரையைப் பார்த்து நின்றார். அந்த ஏழு ஓடு போட்ட இடத்தில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. “நல்ல ஓடு அண்ணே அது. நான் தட்டித் தட்டிப் பாத்து எடுத்தது” என்றார். உள்ளே மகள் கத்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

குழந்தை பிறந்தபோது மாதா கோயில் கடிகாரப்படி ஐந்து இருபது. ஆனால் புஷ்பவள்ளி உள்ளே ஸ்டூலில் ஏறிக் கடிகார முள்ளைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார். மாதிரி வீட்டுக் கடிகாரப்படி நான்கு ஐம்பது. பெண் குழந்தை. ஆசியா பீவி கதவைத் திறந்து சொன்னதும் அலாவுதீன் குந்தி உட்கார்ந்து அழுதார். காவல்காரர் நோட்டை எடுத்து நான்கை ஐந்தாகத் திருத்தினார்.

விசாரணை அடுத்த புதன்கிழமை நடந்தது. மாடியில் நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து அங்கத்தினர்கள், நடுவே தலைவர் துரை. இந்தப் பக்கம் அலாவுதீன், அவருக்காகப் பேச நான். நேரம் தவறி உள்ளே இருந்ததாகத்தான் முதலில் குற்றம் சாட்ட நினைத்தார்கள். கடிகாரத்தின்படி நேரத்துக்குள்தான் எல்லாம் முடிந்திருந்தது. தங்கள் கடிகாரம் பொய் என்று கமிட்டி சொல்லமுடியுமா? அதை விட்டுவிட்டார்கள். ஆர்தர் சேதப் பட்டியலைப் படித்தார். படுக்கைவிரிப்பு ஒன்று, கறை. மெத்தை ஒன்று, ஈரம். தரை, சேற்றுக் கால்தடம். குழந்தை ஒன்று, பெண், நல்ல நிலையில்.

ஓர் அங்கத்தினருக்கு அந்தக் குழந்தை எந்த வீட்டுக் குடியிருப்பாளர் என்று சந்தேகம் வந்தது. தாய் பாகான் டாலாம் ஆள். தாத்தா பதினான்காம் எண். பிறந்தது மாதிரி வீட்டில். அரைமணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் தலைவர் துரை தீர்ப்புச் சொன்னார், ஆர்தர் தமிழில் சொன்னார்.

“ஒருவர் பிறந்துவிட்டபடியால் அந்த வீட்டில் குடியிருத்தல் தொடங்கிவிட்டது. குடியிருத்தல் தொடங்கிய வீடு மாதிரி வீடாக இருக்கமுடியாது, அது பழைய வீடு. ஆகவே இருபத்தைந்தாம் எண்ணாக அது திட்டத்தில் சேர்க்கப்படுகிறது. இன்றுமுதல் ஒன்பதாம் விதி அதற்கும் பொருந்தும். மேலும், ஷேக் அலாவுதீன் அவர்களுக்கு ஒரு நற்செய்தி. கடைசி மழையில் ஏற்பட்ட பழுதினால் பதினான்காம் எண் அறுபது மார்க்கை எட்டிவிட்டது. முதல் கட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலை முப்பத்தெட்டாம் ஆண்டு தொடங்கும். அதுவரை கூரையைத் தொடவேண்டாம்.”

ஐந்து பேரும் அலாவுதீனைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள்.

“துரைகிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றார் அலாவுதீன். அந்த ஆபீஸில் அவர் வாயைத் திறந்து துரையைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. “அந்த வீட்டு முன்பக்கக் கூரையில ஏழு ஓடு என்னோடது. கண்ட்ராக்டர் தெரியாம எடுத்துட்டாரு. அத நான் எடுத்துக்கலாமா? கொழந்தைக்கு ஒழுகுது.”

ஆர்தர் மொழிபெயர்த்தார். துரை அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு நெடுநேரம் பேசினார். ஆர்தர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“திட்டத்துல சேந்துருச்சாம் பாய். இனிமே எதையும் நீக்கக்கூடாதாம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என் வீட்டுலயும் ஒழுகுது பாய்” என்றார்.

திரும்பி வந்தோம். பதினான்காம் எண்ணில் தூளி கட்டி, தூளிக்கு மேலே உத்திரத்திலிருந்து ஒரு குடையை விரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். குடைக் கம்பியிலிருந்து சொட்டிய தண்ணீரை ஆசியா பீவி ஒரு கிண்ணத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். கிண்ணம் நிறைந்தால் வெளியே கொட்டிவிட்டு மறுபடி வந்து உட்காருவார். காமாரியா சுவர் ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தாள். பிரசவம் ஆகி நான்கு நாள்கூட முடியவில்லை. பாகான் டாலாமிலிருந்து சம்பந்தி, பிள்ளையை நாங்களே வந்து கூட்டிப்போகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாற்பது நாளுக்கு முன்னால் அப்படிக் கூட்டிப்போனால் அது எவ்வளவு பெரிய அவமானம் என்று அலாவுதீனுக்குத் தெரியும். மனு எழுதட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். எனக்கே என் வாய்மேல் எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை பகல் தொழுகை முடிந்து, தலையில் தொப்பியோடு அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“இன்னொரு மனுவா பாய்?” என்றேன்.

“மனு வேணாம் அண்ணே. ஏணியப் புடிங்க.”

காவல்காரர் சாப்பிடப் போயிருந்தார். பட்டப்பகல். லைனில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று வேறு பக்கம் பார்க்கவேண்டிய வேலை வந்துவிட்டது. கிணற்றடியில் நின்ற புஷ்பவள்ளி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே துவைத்த துணியைத் திரும்பத் துவைத்தார். அலாவுதீன் ஏறி, கறுத்த ஓடு ஏழையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். சிவப்பு ஓட்டில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. பிறகு ஏணியைப் பதினான்காம் எண்ணுக்கு மாற்றினோம். ஏழும் சரியாகப் பொருந்தின. எல்லாம் சேர்த்து அரைமணி நேரம் ஆகவில்லை. பத்தொன்பது வருடமாக நான் அந்த லைனுக்குச் செய்த வேலையில் உருப்படியானது அந்த ஏணியைப் பிடித்ததுதான்.

அடுத்த வாரம் சர்வே வந்தது. எட்டாம் நாள் சாமான் தெருவுக்கு வந்துவிடும் என்று அலாவுதீன் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் முதலில் இருபத்தைந்தாம் எண்ணுக்குப் போனார்கள். முன்பக்கக் கூரையில் பதினான்கு அங்குல ஓட்டை. உள்ளே மெத்தை நனைந்து ஊறிக் கிடந்தது. தலைவர் துரையே வந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஆர்தரை அழைத்து ஒரு தீர்மானம் எழுதச் சொன்னார். புத்தம்புது வீடு, ஒரே ஒருவர் ஒரே ஒரு நாள் குடியிருந்ததற்கே இவ்வளவு பழுதடைந்துவிட்டது, கமிட்டியின் ஆராய்ச்சி முடிவு இதனால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பவேண்டும் என்று சொல்லிவிட்டு, மழை வலுப்பதற்குள் வண்டி ஏறினார். சர்வேக்காரர்களும் நாடாவைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

பதினான்காம் எண்ணை முடிக்க ஆர்தர் மட்டும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். அறை இருட்டாக இருந்தது. வானம் தெரிந்த இடத்தில் வானம் இல்லை. குடையை எடுத்துவிட்டிருந்தார்கள். தூளியில் குழந்தை தூங்கியது, காமாரியா முட்டாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். ஆசியா பீவி துடைப்பத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். நான் அலாவுதீனுக்குப் பின்னால் வாசல்படியில் நின்றேன். வெளியே மழை கொட்டியது.

ஆர்தர் அண்ணாந்து ஏழு கறுப்பு ஓடுகளையும் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்காது. தொண்டையைச் செருமினார். பிறகு தூளிக்கு அருகில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் விரித்து, மைக்கூட்டைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

“எண் பதினான்கு. உள் அறைக் கூரையில் ஓட்டை. பதினான்கு அங்குலம். முன்போலவே. மழை நேராக உள்ளே விழுகிறது.”

மழை விடும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்தத் தாளில் ஒரு சொட்டு விழவில்லை.